முழுசாக என்ன விலை, பிரித்தால் என்ன விலை

கன்யாதா வெர்தே
6 மார்ச் 1995

செஞோரா தெல்மா ரிவரோலா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் எலியோ பெர்த்தோத்தி. குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய மோட்டார் பத்திரிகையில் உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. 'ஐம்பது, அறுபதுகளின் இத்தாலிய மோட்டார் சைக்கிள்கள் முழுதாகவோ பாகங்களாகவோ வாங்கப்படும். என்ஜின் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்புக. அனுப்பாதவருக்குப் பதில் கிடையாது.' கடைசி வரியைப் படித்ததுமே இந்த அம்மாவிடம் பேரம் செல்லாது என்று புரிந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் பல்லைப் பிடுங்கியவரிடமிருந்து ஒரு தாளைப் பிடுங்கியதில் தப்பில்லை.

எங்கள் கொட்டகையில் 1957-இல் செய்த 175 சி.சி. இத்தாலிய வண்டி ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. சிவப்பு டேங்க். என் மாமனார் தோன் அனிசெத்தோவுடையது. போலீஸில் கார்ப்பரலாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாக அவர் அதை ஓட்டவும் இல்லை, விற்கவும் இல்லை. நானும் என் மனைவி நோர்மாவும் ஒன்பது வருடமாக அவர் வீட்டில் இருக்கிறோம். உப்பு எடுக்கக்கூட அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ரஃபாயேலாவில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறது, மேலே இரண்டு அறைகளோடு. இரண்டாயிரம் பெசோ முன்பணம் கொடுத்தால் நாங்கள் தனியாகப் போய்விடலாம்.

போன வாரம் மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவரே என்னைக் கூப்பிட்டார். "வண்டிய வித்து எடுத்துக்க மாப்ள. ஆனா முழுசா எவனுக்கும் குடுக்காத. பிரிச்சிரு. ஒரு துண்டு இங்க, ஒரு துண்டு அங்க. அப்பதான் நல்ல வெல வரும்" என்றார்.

அது உண்மையா? முழுசாக என்ன விலை, பிரித்தால் என்ன விலை? நீங்கள் கேட்ட பென்சில் தாள் மட்டும் என்னால் அனுப்ப முடியாது. எண் இருக்க வேண்டிய இடத்தை யாரோ அரத்தால் ராவி வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள். பத்திரமும் இல்லை. தயவுசெய்து பதில் போடுங்கள்.

எலியோ பெர்த்தோத்தி


புவேனோஸ் அயர்ஸ்
14 மார்ச் 1995

செஞோர் பெர்த்தோத்தி,

விதியை மீறிப் பதில் எழுதுகிறேன். பல் வலிக்காரருக்கு ஒரு சலுகை.

பத்திரத்தோடு, எண் அழியாமல், முழு வண்டியாக இருந்தால் மூவாயிரத்து இருநூறு கொடுப்பேன். பத்திரம் இல்லாமல் முழுசாக என்றால் ஆயிரத்து நூறு. அதற்கு மேல் ஒரு பெசோகூடத் தர மாட்டேன். ஏனென்றால் வாங்குகிறவன் பெயர் மாற்றப் போனால் அங்கே முதலில் குனிந்து என்ஜின் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பிரித்தால் கார்புரேட்டரை எவனும் பத்திரம் கேட்பதில்லை. எல்லாப் பாகங்களையும் சேர்த்து இரண்டாயிரத்து நானூறு வரை வரும், பொறுமை இருந்தால். ஆகவே உங்கள் மாமனார் சொன்னது சரிதான். மோட்டார் வியாபாரம் தெரியாத ஒரு போலீஸ்காரருக்கு இது எப்படித் தெரிந்தது என்பதுதான் வேடிக்கை.

ஒன்று சொல்கிறேன். பதினேழு வருடமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். முழு வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பிரித்துத்தான் விற்பேன் என்று அடம் பிடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டி எப்படி வந்தது என்று சொல்லப் பிடிக்காது. உங்கள் மாமனாருக்கு எப்படி வந்தது? எண்ணை ராவியது யார்?

வண்டியில் தொழிற்சாலை வைக்காத எதுவெல்லாம் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். ஒடுங்கிய இடம், பற்றவைத்த இடம், மாற்றிப் போட்ட ரப்பர், எதையும் விடாதீர்கள். புதுசாக இருக்கும் இடத்தைவிடப் பழுது பார்த்த இடம்தான் எனக்கு வேண்டும். முதலில் கார்புரேட்டரைக் கழற்றி அனுப்புங்கள்.

தெ. ரிவரோலா


கன்யாதா வெர்தே
27 மார்ச் 1995

செஞோரா தெல்மா,

கார்புரேட்டரைப் பழைய பனியனில் சுற்றித் தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறேன். பனியன் துவைத்ததுதான், பயப்படாதீர்கள்.

நீங்கள் கேட்டபடி வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். டேங்கின் இடது பக்கம் அடியில் பெரிய ஒடுக்கு. நடுவில் ஒரு காசு அளவுக்குப் பித்தளையால் பற்றவைத்து, மேலே சிவப்பு பூசியிருக்கிறார்கள். பூசிய சிவப்பு கொஞ்சம் வேறு சிவப்பு. கிக்கரின் ரப்பர் போய்விட்டதால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருக்கிறார்கள். கத்தரிக்கோலால் வெட்டியது, ஓரம் கோணல். சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருக்கிறது. மழைத்துணியைச் செருகி வைக்க என்று நினைக்கிறேன். ஓட்டியவன் கெட்டிக்காரன்.

வண்டி எப்படி வந்தது என்று ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மாமனாரிடம் கேட்டேன். நோர்மா ரவியோலி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஏலத்துல எடுத்தேன்" என்றார்.

"எந்த ஏலம் மாமா? பத்திரம் குடுத்திருப்பாங்களே?"

"டிப்பார்ட்மென்ட் ஏலம்யா. சும்மா நொச்சு நொச்சுன்னு. யாரு கேக்குறா?"

"வாங்குற அம்மாதான். விவரம் கேக்குறாங்க."

"பொம்பளையா?" கரண்டியைக் கீழே வைத்தார். "மோட்டார் கடையில பொம்பளைக்கு என்ன வேல? எந்த ஊர்க்காரி?"

தலைநகர்க்காரி என்றேன். அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை. நோர்மா என் காலை மேஜைக்கு அடியில் மிதித்தாள். பாத்திரம் கழுவும்போது, வண்டி வந்த அன்று தனக்குப் பதினோரு வயது என்றும், ஒரு தடவை ஏறி உட்கார்ந்ததற்கு அப்பா அறைந்துவிட்டார் என்றும் சொன்னாள். அவர் அவளை அடித்தது அந்த ஒரு தடவைதானாம்.

எலியோ


புவேனோஸ் அயர்ஸ்
8 ஏப்ரல் 1995

செஞோர் எலியோ,

கார்புரேட்டர் வந்து சேர்ந்தது. மணியார்டர் இருநூற்று ஐம்பதுக்கு. விலை நூற்று எண்பதுதான். அதிகம் ஏன் என்று கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து வியாபாரம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நான் ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தேடுகிறேன். 1978-இல் இந்தக் கடையைத் திறந்ததே அதற்காகத்தான். இந்த நாட்டில் ஓடும் 175 எல்லாம் ஒரு நாள் என் மேஜைக்கு வந்தே தீரும் என்று கணக்குப் போட்டேன். இதுவரை முந்நூற்றுச் சொச்சம் பென்சில் தாள்கள் வந்துவிட்டன. அந்த எண் வரவில்லை.

உங்களுடையது அந்த வண்டியா என்று எனக்கு இன்னும் தெரியாது. பச்சைக் குழாயை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். அதனால் நான் எதிர்பார்ப்பதை இப்போது எழுத மாட்டேன். எழுதினால் அதையே நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

எண்ணை ராவியவர் வெளியே மட்டும்தான் ராவியிருப்பார். முழு வண்டியாக வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு அது. என்ஜின் கூடு இரண்டு பாதிகளால் ஆனது. தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று மாறிவிடக் கூடாது என்று இரண்டின் உட்புறத்திலும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை அடித்திருப்பார்கள். கடைசி ஆணி வரைக்கும் பிரித்தால்தான் அது தெரியும். என்ஜினைத் திறங்கள். எண்ணெயைத் துடைத்துவிட்டு மெல்லிய காகிதம் வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். இரண்டு பாதிக்கும் தனித்தனித் தாள். கூட்டுக்கு அறுநூறு தருகிறேன், எண் எதுவாக இருந்தாலும்.

உங்கள் மாமனார் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

தெல்மா


கன்யாதா வெர்தே
24 ஏப்ரல் 1995

செஞோரா தெல்மா,

இரண்டு தாள்களும் இதற்குள் இருக்கின்றன. இரண்டிலும் 4417.

மாமனார் இல்லாத நேரம் என்று சொன்னீர்கள். அவர் மருந்து வாங்கப் போயிருந்தார். ஆனால் என்ஜின் ஆணிகள் பிடிவாதமாக இருந்தன, நேரமாகிவிட்டது. இரண்டாவது தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. விசில் மாதிரி ஒரு மூச்சு அவருக்கு.

"என்னய்யா பண்ற?"

"எண்ணு மாமா. உள்ள இருக்கு. அதுக்குத் தனி வெல தர்றாங்க."

"உள்ளயுமா இருக்கு?"

செஞோரா, அதை அவர் கேட்ட விதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்படியே கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எண்ணை ராவியது யார் என்று மார்ச்சில் கேட்டீர்களே, இப்போது பதில் தெரியும். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, உங்கள் கடித உறையை என் சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்தார். பின்பக்கத்து விலாசத்தை வாய்விட்டுப் படித்தார். "ரிவரோலா" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ டெலிபோன் செய்தார். இந்த வீட்டில் அவர் டெலிபோனைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் யார்? அந்த வண்டி யாருடையது? ஒரு முன்பணத்துக்காக நான் எதற்குள் கையை விட்டிருக்கிறேன்?

எலியோ


புவேனோஸ் அயர்ஸ்
3 மே 1995

எலியோ,

தாள்கள் வந்து சேர்ந்தன. என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, அதற்குள் இருந்த பத்திரத்தைப் பக்கத்தில் வைத்தாள். கடைசி நான்கு இலக்கம் 4417. நீங்கள் பத்திரம் இல்லை என்றீர்கள். பத்திரம் இருக்கிறது, எங்களிடம்.

வண்டி என் தம்பி உகோவுடையது. இருபத்திரண்டு வயது. ரோசாரியோவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே தொழிற்சங்கத்திலும் இருந்தான். ராணுவ ஆட்சியில் அதுவே குற்றம். 1976 அக்டோபர் 14, வியாழக்கிழமை, வேலை முடிந்து வண்டியில் கிளம்பினான். வீட்டுக்கு வரவில்லை. அம்மா ஏறாத காவல் நிலையம் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். "வண்டியும் இல்ல பையனும் இல்லன்னா என்னம்மா அர்த்தம்? எவளையாவது பின்னால வச்சுக்கிட்டு பிரேசிலுக்குப் போயிருப்பான்." பதினெட்டு வருடம் எங்களுக்குக் கிடைத்த பதில் அதுதான். வண்டி இல்லாததே அவர்களுக்குச் சாட்சி. இப்போது வண்டி உங்கள் கொட்டகையில் நிற்கிறது. அப்படியென்றால் என் தம்பி பிரேசிலுக்குப் போகவில்லை.

பச்சைக் குழாயை வெட்டியது நான். அம்மாவின் துணிக் கத்தரியால் வெட்டித் திட்டு வாங்கினேன். டேங்கின் ஒடுக்கு, மணல் சாலையில் விழுந்தபோது வந்தது. அதே விழுதலில் அவனுக்கு இடது காறை எலும்பு முறிந்தது. டேங்கை அவனே பற்றவைத்துக்கொண்டான். எலும்பு தானாகக் கூடியது, கொஞ்சம் புடைத்துக்கொண்டு. சட்டை போட்டாலும் தெரியும்.

திங்கட்கிழமை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். சாம்பல் நிறக் கார். எதையும் வாங்கவில்லை. ஒருவன் ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முழுக் கடையா என்ன வெல வரும்?" என்று கேட்டான். விற்பதற்கில்லை என்றேன். "யோசிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எலியோ, எனக்கு வண்டி வேண்டாம். சட்டம் உங்கள் மாமனாரைத் தொடாது, அந்த ஆட்சியில் நடந்ததற்கெல்லாம் எல்லாரையும் மன்னித்தாயிற்று. அவருக்கும் அது தெரியும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உகோ எங்கே? கார்புரேட்டருக்கு விலை கொடுத்துவிட்டேன். மிச்சத்தைக் கேட்கிறேன். அம்மாவுக்கு இதயம் பலவீனம். அவள் இருக்கும்போதே தெரிய வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

தெல்மா


கன்யாதா வெர்தே
22 மே 1995

செஞோரா,

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் வாசலில் மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் உங்கள் தம்பியின் பெயரைச் சொன்னேன். குழலை வாயிலிருந்து எடுக்காமலே, "என் வீட்ல சோறு தின்னுட்டு என்னையே வெசாரணையா?" என்றார். பிறகு மெதுவாக, சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்தக் காலத்துல ஆளுங்க எப்படிக் காணாமப் போனாங்கன்னு உனக்குத் தெரியாது மாப்ள. இப்பவும் போவாங்க."

மறுநாள் என்ஜின் கூடும் மற்ற பாகங்களும் கொட்டகையில் இல்லை. குளத்தங்கரையில் சக்கரத் தடம் இருந்தது. டேங்கை மட்டும் நான் முன்பே ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், அதனால் தப்பியது. நீங்கள் சொன்ன சாம்பல் கார் எங்கள் தெருவுக்கும் வந்தது. அரை மணி நேரம் நின்றது. இறங்கியவன் என்னிடம் கை குலுக்கி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு ஆள் நுழையுமா என்று வேடிக்கையாகக் கேட்டான்.

எனக்கு மனைவி இருக்கிறாள். நான் வீரன் இல்லை, பெட்டி ரிப்பேர் செய்கிறவன். உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது, சத்தியமாகப் புரிகிறது. ஆனால் இனி எழுதாதீர்கள். வாங்கிய இருநூற்று ஐம்பதை எப்படியாவது திருப்பி அனுப்புகிறேன்.

எ. பெர்த்தோத்தி


புவேனோஸ் அயர்ஸ்
31 மே 1995

செஞோர் பெர்த்தோத்தி,

பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த விலையை நான் திருப்பி வாங்குவதில்லை.

நீங்கள் பயப்படுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நானும் கடைப் பலகையை உள்ளிருந்து பூட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடத்தில் என் தம்பிக்கு மிக அருகில் போன ஆள் நீங்கள். நீங்களும் கதவைச் சாத்துகிறீர்கள்.

அம்மா தினமும் தபால்காரரைக் கேட்கிறாள். நான் பொய் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். பதினோரு வயதில் வாங்கிய அந்த அறை எதற்காக என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா?

தெல்மா


ரஃபாயேலா
3 ஜூலை 1995

தெல்மா அக்கா,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, கூப்பிட்டுவிட்டேன். கடிதத்தை நோர்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரு வாரம் அதைச் சமையலறை அலமாரியில் மடித்து வைத்திருந்தாள். பிறகு ஒரு மத்தியானம் அப்பாவுக்கு ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"அப்பா, அன்னிக்கு ஏன் என்னை அடிச்சீங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் உக்காந்தப்ப சீட்டு ஈரமா இருந்துச்சு. கழுவி இருந்தீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் எழுந்திருக்கவே இல்லை. மாத்தேயும் போடவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் முன் அவர் சொல்லிவிட்டார். "நான் சுடலடி. நான் போலீஸ் வேன்தான் ஓட்டுனேன். கொண்டுபோயி விட்டேன், அவ்வளவுதான். பதிலுக்கு அந்த மோட்டார் சைக்கிளக் குடுத்தாங்க." எங்கே கொண்டுபோய் விட்டார் என்றும் சொன்னார். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம். பின்சுவர் ஓரம், பெயர் தெரியாதவர்களைப் புதைக்கும் வரிசை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன்!

மறுநாள் காலையே ஒரு வாடகை லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். முன்பணத்துக்கு நோர்மா கழுத்துச் சங்கிலியை விற்றாள். போகும் வழியில் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தச் சொன்னேன். சிலுவை இல்லை. தரையில் குத்திய சின்ன இரும்புத் தகடுகள், அதில் எண்ணும் மாதமும் மட்டும். துரு ஏறிக் கண்ணுக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி மெல்லிய காகிதம் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். தெளிவாக வந்தது.

அக்கா, உகோ எந்தத் தகடு என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரே வாரத்தில் அவர் வேன் ஆறு தடவை போயிருக்கிறது. அதனால் ஆறையும் எடுத்திருக்கிறேன். 36-லிருந்து 41 வரை, எல்லாவற்றிலும் அக்டோபர் 76. கல்லறைக் காவலாளி பார்த்துக்கொண்டே நின்றான். நாங்கள் கிளம்பியதும் அவன் அறைக்குள் போய் டெலிபோனை எடுத்ததை நோர்மா பார்த்தாள்.

டேங்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

சாம்பல் கார் இப்போது எதிர்ப்பக்கம் நிற்கிறது. தபால் நிலையம் அதற்கும் பின்னால். நோர்மா கோட்டை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேருமாப் போவோம். நடுத் தெருவுல, எல்லாரும் பாக்குற மாதிரி" என்கிறாள். இதை ஒட்டிவிட்டுக் கிளம்புகிறோம்.

எலியோ


புவேனோஸ் அயர்ஸ்
8 ஜூலை 1995

எலியோ, நோர்மா,

ஆறும் வந்து சேர்ந்தன.

அம்மா ஆறையும் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தடவினாள். எதில் உகோ என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப ஆறு பேரும் வரட்டும். அவங்களுக்கும் அம்மா இருப்பாங்க" என்றாள். எலும்பைப் பார்த்து ஆளைச் சொல்லும் குழுவினரிடம் நேற்றே பிரதிகளைக் கொடுத்துவிட்டேன். நீதிபதியிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கன்யாதா வெர்தேக்கு வருகிறார்கள். நானும் வருகிறேன். இடது காறை எலும்பு, புடைத்துக் கூடியது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற ஐந்து பேருக்காக அதே பத்திரிகையில் புது விளம்பரம் கொடுத்துவிட்டேன். அக்டோபர் 76 என்ற மாதமும் கன்யாதா வெர்தே என்ற ஊரும் மட்டும் போட்டிருக்கிறேன். விலை கேட்டு எவனும் எழுத மாட்டான்.

உறையின் பின்னால் நீங்கள் எழுதியிருந்த ரஃபாயேலா டெலிபோன் எண்ணுக்கு மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. புதுக் கடை, இன்னும் இணைப்புச் சரியாகியிருக்காது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். இது கிடைத்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு வரி எழுதுங்கள். பதினேழாம் தேதிக்குள் வராவிட்டால், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் முன் உங்கள் கடைக்குத்தான் அந்தக் குழுவினரைக் கூட்டி வருவேன்.

தெல்மா